உனக்கு மடித்த வெற்றிலை

என் வலது கைக் கட்டைவிரல் நகத்தோரம் இன்னும் சுண்ணாம்பு இருக்கிறது. நேற்றுச் சாயந்திரம் சவர்க்காரம் போட்டுத்தான் கழுவினேன். ஆனாலும் விரலை மூக்கருகே கொண்டுபோனால் வெற்றிலை வாசம் வருகிறது. நுவரெலியா கிளினிக்கில், சுவரோரம் போட்ட வாங்கில் உட்கார்ந்து, கோகிலாவின் மகளுடைய கொப்பியிலிருந்து கிழித்து வந்த தாளில் உனக்கு இதை எழுதுகிறேன். என் விரலில் வெற்றிலை வாசம் என்றால் நீ நம்பமாட்டாய். "போடி பொய்க்காரி" என்பாய்.

நம் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவள் நான். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு, வெளிநாடு போன மகள்களுக்கு, துரைக்கு என்று எத்தனையோ எழுதியிருக்கிறேன். உனக்கு மட்டும் ஒருநாளும் எழுதியதில்லை. நீ சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாய், சுவரைத் தட்டினால் போதும். இப்போது தட்டினால் கோகிலாதான் ஓடி வருகிறாள். உன் மருமகள் நல்லவள். இதோ பக்கத்தில் உட்கார்ந்து, என் கிளினிக் துண்டுச் சீட்டைத் தன் கைப்பைக்குள் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அது இல்லாமல் என்னை உள்ளே விடமாட்டார்கள் என்று யாரோ பயமுறுத்திவிட்டார்கள் போல.

உள்ளே கூப்பிட நேரமாகும். அதுவரை உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

ராகலைப் பக்கமிருந்து அக்கரப்பத்தனைக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்து, முதன்முதல் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன காலை உனக்கு நினைவிருக்கும். செடி வரிசைக்கு அந்தப் புறம் நீ, இந்தப் புறம் நான். பனி இறங்கி, விரல் மடக்கினால் நிமிர மறுத்தது. புதுப்பெண் என்று யாரும் பேசவில்லை. நீதான் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, ஒரு வெற்றிலையைத் தொடையில் துடைத்து, மடித்து, செடிக்கு மேலாகக் கை நீட்டினாய்.

"இத வாயில போடு புள்ள. குளிரு தெரியாது, பசி தெரியாது, கங்காணி கத்துறதும் தெரியாது."

நீ சொன்ன மூன்றும் சரிதான். அன்றிலிருந்து உன் பையும் என் பையும் ஒன்று. உன்னிடம் பாக்கு முடிந்தால் என்னிடம், என்னிடம் புகையிலை முடிந்தால் உன்னிடம். நமக்கு வெற்றிலை என்பது தேத்தண்ணி மாதிரி. கல்யாணம் சொல்ல வந்தாலும் வெற்றிலை, சண்டை தீர்ந்தாலும் வெற்றிலை, செத்த வீட்டிலும் வெற்றிலை. கொடுத்ததை வாங்காமல் விட்டால் தலைமுறைக்கும் பேசமாட்டார்கள்.

அப்புறம் இடது கன்னத்துக்குள் வெள்ளையாக ஒன்று வந்தது. சம்பல் பட்டால் எரிந்தது. உன்னிடம் காட்டினேன். நீ எட்டிப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்பு கூடிப்போச்சு புள்ள, கொஞ்சமா தடவு" என்றாய். நம்மோடு கொழுந்து பறிக்கும் வள்ளியம்மாவும் அதையே சொன்னாள். லயமே அதைத்தான் சொன்னது. மலையில் யாருக்கு வாய் வெந்தாலும் சுண்ணாம்பின்மேல்தான் பழி விழும். நானும் சுண்ணாம்பைக் குறைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, வெற்றிலையை வலது கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு மாதக்கணக்கில் மென்றேன். புண் தடித்து, வாய் திறக்க மறுத்து, சோற்றுக் கவளம் உள்ளே போகாத நாளில்தான் நீ என்னை இழுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனாய். அங்கிருந்து நுவரெலியா, நுவரெலியாவிலிருந்து கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி.

அங்கே நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொன்னதே இல்லை. நீயும் கேட்கவில்லை. கன்னத்தின் உட்பக்கத்தையும் தாடையில் ஒரு துண்டையும் எடுத்தார்கள். கையிலிருந்து தோலை எடுத்து அங்கே தைத்தார்கள். பிறகு புற்று திரும்பாமலிருக்க வாரக்கணக்கில் கரண்ட் பிடித்தார்கள். எச்சில் வற்றிப்போனது. வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை. உன் மகனோடு நீ என்னைக் கூட்டிவர வந்தபோது, வார்ட்டில் என்னைத் தாண்டி இரண்டு கட்டில் தள்ளிப் போய் நின்று தேடினாய். நான் கூப்பிட்ட குரலும் என் குரலாக இல்லை. நீ திரும்பிப் பார்த்தாய். முகத்தில் ஒன்றையும் காட்டாமல் வந்து, "ஏன் புள்ள, தல வாராம உக்காந்திருக்க?" என்று சீப்பை எடுத்தாய். அந்த ஒரு கேள்விக்காக உனக்குக் கோயில் கட்டலாம்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியின்மேல் பழைய சேலைத் துண்டைப் போட்டேன். சோற்றைச் சுவரைப் பார்த்துத் தின்றேன். வடியும் என்பதால் மடியில் துணி. நான் பேசினால் ஆட்கள் "ஆ?" என்று முகத்தை முன்னால் கொண்டுவருவார்கள். அதனால் பேச்சையும் நிறுத்தினேன். மகள் கொழும்பிலிருந்து போன் எடுத்தால்கூட நீதான் வாங்கி, "ஒங்கம்மா நல்லா இருக்கா, திங்கிறா, தூங்குறா" என்று பதில் சொல்வாய்.

மறுபடி மலைக்குப் போ என்று விரட்டியதும் நீதான். நான் போனேன். போன முதல் நாளே ஒன்றைக் கவனித்தேன். பத்து மணித் தேத்தண்ணிக்குப் பெரிய கல்லடியில் எல்லோரும் ஒன்றாக உட்காருவதுதான் வழக்கம். அன்று தேத்தண்ணி குடித்து முடித்ததும், ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக எழுந்து, மலை மடிப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நீயும் பின்னாலேயே போனாய். கல்லடியில் நான் மட்டும். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த வருத்தம் தொட்டால் ஒட்டும் நோய் என்று லயத்தில் பேசுவது காதில் விழுந்திருந்தது. கோணல் முகத்தைப் பார்த்துக்கொண்டு வெற்றிலை மெல்லப் பிடிக்கவில்லையோ என்றும் நினைத்தேன். மற்றவர்கள் போனால் போகட்டும், நீ போனாயே, அதுதான் ஆறவில்லை. உன்னிடம் பேசுவதை நிறுத்தினேன். ஏற்கெனவே பேசாதவள் பேசாமலிருந்தால் யாருக்குத் தெரியும்? நீ சுவரைத் தட்டினால் தூங்குவதுபோல் கிடந்தேன். செத்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் ஒருநாளும் நினைக்காதவள், அந்தக் கல்லடியில் உட்கார்ந்து நினைத்தேன்.

பிறகு அந்த மழை வந்தது. கொழுந்து நிறுக்கும் தகரக் கொட்டகைக்கு, நம் மடுவத்துக்கு, நான் முதலில் ஓடி வந்து ஒதுங்கினேன். பின்னால் மற்றவர்கள் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் உள்ளே வரவில்லை. நீ வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றாய். கன்னம் உப்ப வெற்றிலையை அடக்கிக்கொண்டு, கூடையைத் தலையில் போட்டபடி, அத்தனை பெண்களும் கொட்டும் மழையில் வரிசையாக நின்றார்கள்.

கங்காணி கத்தினார். "ஏ, ஒங்களுக்கெல்லாம் கிறுக்குப் புடிச்சிருச்சா? உள்ள வாங்க!"

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். வாயைத் திறக்க முடியாதே. நீ சொன்னாய்: "துப்பிட்டு, வாயக் கொப்புளிச்சிட்டு உள்ள வாங்க. இல்லாட்டி அங்கேயே நில்லுங்க."

வள்ளியம்மாவால்தான் பொறுக்க முடியவில்லை. அப்போதுதான் போட்ட வெற்றிலை, புதுப் புகையிலை. அதைத் தண்ணீர் ஓடும் கானில் துப்பிவிட்டு, என்னையும் உன்னையும் கை காட்டி வெடித்தாள்.

"இவ ஒருத்திக்கு வருத்தம் வந்துச்சு, நாங்க அத்தன பேரும் நாய் மாதிரி மலைக்கு அந்தப் பக்கம் போயித் திங்கிறோம்! அவ மூக்குல வாசம் படக்கூடாதாம்! பட்டா மறுபடி ஆச வருமாம்! மாரியம்மன் கோயில்ல வச்சு எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டா, பாவி! இவளும் விட்டுட்டா, எங்களையும் விடச் சொல்றா!"

மழைச் சத்தத்தில் அதற்கு மேல் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. நீ வெற்றிலையை விட்டதே எனக்கு அப்போதுதான் தெரியும். மடிப்புக்கு அந்தப் பக்கம் நீ போனது மெல்ல இல்லை, மற்றவர்கள் வாய் கொப்புளிக்கிறார்களா என்று பார்க்க. உன்னைப் பார்த்தேன். உதடு வெளுத்துக் கிடந்தது. அத்தனை நாள் உன் முகத்தைப் பார்க்காமல் இருந்ததால் அதுவும் எனக்குத் தெரியாமல் போயிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. வெட்டின கன்னம் ஒரு பக்கம் இழுக்க, வலிக்க வலிக்கச் சிரித்தேன். அழுகையும் வந்தது. "உள்ள வாங்கடி எல்லாரும்" என்று கத்தினேன். என்ன சத்தம் வந்ததோ, ஆனால் ஒருத்திகூட "ஆ?" என்று கேட்கவில்லை. எல்லோரும் துப்பிவிட்டு உள்ளே வந்தார்கள். ஈரச் சேலையோடு ஒட்டி ஒட்டி நின்றோம். பிறகு உன்னைக் கேட்டேன், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று.

"சொன்னா வேணாம்னு சொல்லியிருப்ப" என்றாய்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை என்பது உனக்கே தெரியும். ஆட்களைப் பற்றிய பயம் போனது, வாயைப் பற்றிய பயம் வந்து உட்கார்ந்தது. கண்ணாடியின்மேல் போட்ட துணியை எடுத்தேன், எடுத்தபின் கண்ணாடியை விட்டு நகரவில்லை. எழுந்ததும் பார்ப்பேன். முகம் கழுவினால் பார்ப்பேன். மலையில் சின்னக் கண்ணாடி ஒன்றைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தேன். நாக்கால் தடவித் தடவி, இல்லாத புண்ணை உண்டாக்கினேன். கிளினிக் நாள் நெருங்கினால் சோறு இறங்காது. கிளினிக்கில் ஒன்றுமில்லை என்பார்கள். பஸ் ஏறும்வரை சந்தோஷம். வீட்டுப் படி ஏறுமுன் அவர்கள் சரியாகப் பார்த்தார்களா என்ற சந்தேகம் வந்துவிடும்.

ஒருநாள் நீ அந்த முடிச்சை அவிழ்த்துக் கண்ணாடியைப் பறித்தாய்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ புள்ள சாவ? ஒன்ன சுடுகாட்டுக்குத் தூக்கித் தூக்கி எனக்குத் தோள் வலிக்குது."

பிறகுதான் அந்தச் சட்டத்தைப் போட்டாய். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் வாயைப் பார்ப்பது. அதையும் நான் பார்க்கக் கூடாது, நீ பார்ப்பாய். "ஞாயித்துக்கெழம வயிறு நெறையப் பயப்பட்டுக்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். மத்த நாள்ல அந்த வாயி திங்கிறதுக்கும் என்னத் திட்டுறதுக்கும் மட்டும்தான்."

கேட்க விளையாட்டாக இருந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை பயம் வந்தால் உன் முகம் குறுக்கே வரும். "இன்னிக்கு என்ன கெழம?" என்று கேட்பாய். செவ்வாய் என்பேன். "அப்ப ஞாயித்துக்கெழம வரச் சொல்லு" என்பாய், வாசலில் நிற்கிற கடன்காரனை அனுப்புகிற மாதிரி. முதலில் அது போகவில்லை. வாசலிலேயே நின்றது. மாதங்கள் போகப் போக, ஏதோ ஒரு வாரத்தில், ஞாயிற்றுக்கிழமை வந்தபோதுதான் அதை நினைத்தேன். அதற்குள் வெயில் வந்து, நீ தலை முழுகி, லயத்து வாசலில் பலகையைப் போட்டு என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

நான் முகத்தை வெயிலுக்குத் தூக்குவேன். நீ என் தாடையைப் பிடித்து, சாய்த்து, திருப்பி, ஆட்டுக்குப் பல் பார்க்கிறவன் மாதிரி பார்ப்பாய். வாய் திறக்க டாக்டர் சொன்ன பயிற்சிக்காகக் கடைவாயில் அடுக்கும் ஐஸ்பழக் குச்சிகளையும் நீதான் கழுவி, காயவைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டி வைப்பாய். கண்ணில் நீர் வழிய நான் உன்னைத் திட்டுவேன். குச்சி இருக்கும் வாயில் திட்டுக் குழறும். "நல்லா வாயத் தொறந்து திட்டு புள்ள, அப்பதான் வெலகும்" என்பாய். பார்த்து முடித்து நீ சொல்லும் தீர்ப்பைக் கேட்க முழு லயமும் காத்திருக்கும். "எல்லாம் போன வாரம் மாதிரியேதான் இருக்கு. பின்னால ஒரு சோத்துப் பருக்க ஒட்டிக்கிட்டு இருக்கு, துப்பு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொண்டே இருந்தவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு உயிர் போய்விட்டது. கண்ணைத் திறந்தால் நீ அழுதுகொண்டிருந்தாய்.

"நான் குடுத்த வெத்தலதானே புள்ள இது?" என்றாய்.

எத்தனை வருடம் அதை உள்ளே வைத்திருந்தாயோ. நான் சொன்னேன், "நீ குடுக்கலன்னா வள்ளியம்மா குடுத்திருப்பா. அவளும் குடுக்கலன்னா கடையில வாங்கித் தின்னிருப்பேன். குளிருச்சு, தின்னேன். அவ்வளவுதான்." அது உன் மனம் ஆறுவதற்காகச் சொன்னதில்லை. உண்மையே அதுதான். நீ மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி என் தாடையைப் பிடித்தாய். "சரி தொற, இன்னும் பாக்கல" என்றாய்.

வெற்றிலை வைத்து அழைக்க வருகிறவர்களை எப்படிச் சமாளிப்பது என்பதற்கும் நீதான் வழி கண்டாய். நான் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி உன்னிடம் கொடுப்பேன். நீ வாங்கி இடுப்பில் சொருகுவாய். "ரெண்டு குடும்பத்துக்கும் சேத்து வாங்கியாச்சு, கட்டாயம் வருவோம்" என்பாய். அவர்கள் தலை மறைந்ததும் அது கானில் மிதக்கும். இரண்டு வீட்டுக்கும் அப்படி எத்தனை கல்யாணம். யாரும் ஒருநாளும் கோபித்துக்கொள்ளவில்லை.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் நடந்ததே, கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வந்து பேசினாரே. என்னை முன்னால் நிறுத்தி, கவ்வாத்து வெட்டின தேயிலை மறுபடி துளிர்க்கிற மாதிரி இந்த அம்மாவும் துளிர்த்து நிற்கிறார் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நீ பின்வரிசையிலிருந்து எழுந்தாய். "தேயிலைக்கு வலிக்கிறதில்லைங்க மிஸ். இவளுக்கு வலிச்சுச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். எனக்குக் கை தட்டத் தோன்றியது அப்போதுதான்.

தைரியசாலி என்கிறார்கள் என்னை. பதினைந்து வருடத்துக்கு மேல் ஆயிற்று அல்லவா, புதிதாய் வருத்தம் வந்தவர்களின் வீட்டார் என்னைக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். நான் அவர்களிடம் பயப்படாதே என்று சொல்வதில்லை. எனக்கே போகாத ஒன்றை அவர்களைப் போக்கச் சொல்வது என்ன நியாயம்? எந்தக் கிழமை பயப்படலாம் என்று முடிவு செய், உன் வாயைப் பார்க்க ஒருத்தியைப் பிடித்துக்கொள் என்று மட்டும் சொல்வேன்.

அந்த ஒருத்தி போய்விட்டால் என்ன செய்வது என்று யாரும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை. முதலில் போகப்போகிறவள் நான்தான் என்று நாம் இருவரும் நினைத்திருந்தோம். உனக்குச் சீனி வருத்தம்தானே, அது எல்லோருக்கும் இருப்பதுதானே என்று இருந்தோம். கால் வீங்கியது, கிட்னி என்றார்கள், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடைசி வாரங்களில் மலையிலிருந்து வந்ததும் கை கால் கழுவி உன் காம்பராவுக்கு வருவேன். உனக்குக் கஞ்சி ஊட்டுவேன். நீ படுத்தபடியே, "தொற பாப்போம்" என்பாய். ஞாயிறு எது, திங்கள் எது என்று உனக்கு மறந்துபோயிருந்தது. நான் தினமும் திறந்தேன்.

நீ போனபின் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலுக்கு வருவதை விட்டேன். கண்ணாடியில் பார்க்கவும் இல்லை. முன்பெல்லாம் பார்த்துப் பார்த்துச் செத்தவள், இப்போது பாராமலே இருந்தேன். போன கிளினிக்குக்கும் போகவில்லை. மழை என்றேன், பஸ் இல்லை என்றேன். யார் கேட்டார்கள்? நீ இருந்தால் தலைமுடியைப் பிடித்து இழுத்திருப்பாய். ஒரு மாதமாகக் கடைவாயோரம் ஒன்று உறுத்துகிறது. நாக்குப் பட்டால் எரிகிறது. யாரிடமும் சொல்லவில்லை. வந்துவிட்டது என்று எனக்குள் முடிவு செய்துவிட்டேன். உன்னிடம் வரத்தான் போகிறேன், அதற்கு எதற்குக் கிளினிக் என்றுகூட நினைத்தேன். திட்டாதே.

நேற்று உன் முதலாம் வருடத் திவசம். படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படையல். சோறு, கோழிக்கறி, நெத்திலிக் கருவாடு, வடை, நீ குடிக்கும் கோப்பையில் பிளேன்டி என்று எல்லாம் வைத்தார்கள். நான் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உன் மகன் மட்டும் பின்வாசலுக்கும் முன்வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தான். கையில் ஏதோ பொட்டலம். உள்ளே வருவான், என்னைப் பார்ப்பான், திரும்பிப் போவான்.

"என்னப்பா அது?" என்றேன்.

அவன் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். கோகிலாதான் சொன்னாள். "வெத்தலைங்க பெரிய மாமி. மாமிக்குப் படைக்கணுமில்ல. நீங்க வீட்டுக்குப் போனப்பறம் வைக்கலாம்னு இருக்கோம்."

எனக்கு மடுவத்து வாசலில் கன்னம் உப்ப நின்ற பெண்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். இத்தனை வருடம் ஆகியும் இந்த வீட்டில் அந்தச் சத்தியம் நடந்துகொண்டிருக்கிறது. சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். கோகிலா முந்திக்கொண்டாள். ஒரு வருடமாக அவளும் அதை மனதில் வைத்திருக்கிறாள்.

"கடைசியில மாமி ஒரு வாய் வெத்தல கேட்டாங்க பெரிய மாமி. நான் மடிச்சும் குடுத்தேன். வாய்கிட்ட கொண்டுபோயிட்டு நிறுத்திட்டாங்க. 'வேணாம்மா, அவ வர்ற நேரம், வாசம் படும்'னு சொன்னாங்க. சரி, அவங்க வந்திட்டுப் போனப்பறம் போட்டுக்குங்கன்னு சொன்னேன். 'நாளைக்கும் வருவாளே'ன்னுட்டாங்க."

தினமும் வந்தேனே, ஒருநாள் வராமல் இருந்திருக்கலாமே. பாவி, சாகப்போகிறவளுக்கு எதற்கு என் மூக்கைப் பற்றிய கவலை?

பொட்டலத்தை வாங்கினேன். உன் மகன் பயந்துபோய்க் கோகிலாவைப் பார்த்தான். நான் பிரித்தேன். நீ எனக்குக் கொடுத்த மாதிரியே, ஒரு இலையை எடுத்துத் தொடையில் துடைத்தேன். காம்பைக் கிள்ளி, முதுகு நரம்பை உரித்து, சுண்ணாம்பை விரலால் தடவினேன். கை ஒன்றையும் மறக்கவில்லை. வாசம் மூக்கில் ஏறியது. கரண்ட் பிடித்ததிலிருந்து வறண்டு கிடக்கும் என் வாயில் ஈரம் கசிந்தது. ஆசை வந்தது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? நன்றாகவே வந்தது. மென்றால் எப்படி இருக்கும் என்று நாக்குக்குத் தெரிந்தது. நீ இத்தனை வருடம் எதற்குப் பயந்தாயோ அது வந்து, என் மடியில் உட்கார்ந்து, பிறகு எழுந்து போனது. நான் பாக்கை வைத்தேன்.

புகையிலை வைக்கவா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தேன். உனக்கு அது இல்லாவிட்டால் வெற்றிலையே இல்லை. வைத்தேன். இனி உனக்கு என்ன வரப்போகிறது? மடித்து, உன் பிளேன்டிக்குப் பக்கத்தில் இலையில் வைத்தேன்.

"மெல்லு. நான் இருக்கேன்னு பாக்காத" என்றேன்.

உன் மகன் வெளியே போய்விட்டான். கோகிலா முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். நேற்று ஞாயிற்றுக்கிழமை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாசலில் வெயில் இருந்தது. உன் பலகையைத் தேடி எடுத்துவந்து போட்டேன். "கோகிலா, இங்க வா. என் வாயப் பாரு" என்றேன்.

போன் வெளிச்சத்தை என் கண்ணிலேயே அடித்தாள். தாடையைப் பிடிக்கவும் தெரியவில்லை. நான்தான் அவள் விரலைப் பிடித்து, இங்கே, இப்படி என்று காட்டினேன். எட்டி எட்டிப் பார்த்தாள். நீயாக இருந்தால் சோற்றுப் பருக்கை என்று சொல்லி முடித்திருப்பாய். அவள் மெதுவாக, "பின்னால ஒண்ணு இருக்குங்க பெரிய மாமி. செவப்பா இருக்கு" என்றாள். பொய் சொல்லவில்லை. அதற்காகவே அவளைப் பிடித்துப்போனது.

"சரி. நாளைக்கு நுவரெலியா போவோம்" என்றேன்.

இதோ பெயர் கூப்பிடுகிறார்கள். சிங்களத்தில் என் பெயரைக் கொலை செய்தாலும் எனக்கு இப்போது பழகிவிட்டது. மீதியை வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். சின்னப் பெண் டாக்டர். நான் முழுதாகத் திறந்தேன், இப்போதெல்லாம் மூன்று விரல் போகும், உன் குச்சிகளின் புண்ணியம். நேரமெடுத்துப் பார்த்தார். கடைவாய்ப் பல் ஒன்றின் விளிம்பு உடைந்து கூராக இருக்கிறதாம், அது உரசியதாகவும் இருக்கலாம் என்றார். பல்லை ராவி விட்டார்கள். ஆனாலும் உங்கள் வாய்க்கு நான் வாயால் உத்தரவாதம் சொல்லமாட்டேன் என்று, ஒரு சின்னத் துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். விட்ட கிளினிக்குக்காக ஒரு திட்டும் கிடைத்தது. உன் திட்டில் பாதிகூட இல்லை.

இப்போது பஸ் ஸ்டாண்டில் இருக்கிறோம். ஊசியால் மரத்துப்போன வாய்க்கு இப்போதுதான் உணர்வு வந்தது. கோகிலா இரண்டு பனிஸும் பிளேன்டியும் வாங்கி வந்தாள். கடைக்குள்ளே மறைவாக உட்காருவோமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். போகிற வருகிற ஜனம் பார்க்க, வெயிலில் உட்கார்ந்து, பனிஸைப் பிளேன்டியில் தொட்டு, வெட்டாத பக்கத்தால் மென்று, கொஞ்சம் வடிந்தால் விரலால் துடைத்துக்கொண்டு தின்கிறேன். துடைக்கும்போதெல்லாம் நகத்தோரத்து வெற்றிலை மணக்கிறது.

கோகிலா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், "பயமா இருக்குங்களா பெரிய மாமி?"

"இன்னிக்கு என்ன கெழம?" என்றேன்.

"திங்கக்கெழம."

"அப்ப ஞாயித்துக்கெழம வந்து கேளு" என்றேன்.